ஏழ்மையின் எல்லை மாதம் 20,833 ரூபாயா?

கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட, கருணை அடிப்படையில் அலுவலக உதவியாளர் வேலை கிடைத்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசில் அந்தப் பணிக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 15,700 ரூபாய். அகவிலைப்படியை 50 விழுக்காடு என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 23,550, ஆண்டுக்கு 2,82,600. வீட்டு வாடகை, மாமியாரின் மருந்து, கணவர் வைத்துவிட்டுப்போன கடன் எல்லாம் அதற்குள்தான். பட்டியல் சாதியைச் சேர்ந்த அவருடைய மகள் கல்லூரியில் இடம் பிடித்து, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் ‘தகுதியில்லை’ என்றுதான் பதில் வரும். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. மகள் வாங்கிய மதிப்பெண் அங்கே பேச்சில்லை, வீட்டின் நிலையும் பேச்சில்லை. 32,600 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான்.

இரண்டரை லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 20,833 ரூபாய் வருகிறது. திருப்பூரில் கணவர் பவர் டேபிள் தையலிலும் மனைவி செக்கிங்கிலும் இருந்து, இருவருக்கும் தட்டில்லாமல் வேலை கிடைத்தால் இந்தத் தொகையைத் தாண்டிவிடுவார்கள். அவர்கள் ஏழைகள் இல்லை என்று அந்தத் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். விதி சொல்கிறது.

இந்த வரம்பு எப்போது வைத்தது? பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டம் சுதந்திரத்துக்கும் முந்தியது. 1944-இல், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலத்தில் தொடங்கியது. வருமான வரம்பு அவ்வப்போது உயர்ந்துவந்து 2013-இல் இரண்டரை லட்சம் ஆனது. அதோடு நின்றுவிட்டது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இத்திட்டத்தைத் திருத்தியமைத்து, 2025-26 வரையிலான காலத்துக்கு 59,048 கோடி ரூபாய் என்று அறிவித்தபோதும் வரம்பில் கை வைக்கவில்லை. திருத்தம் தேவைப்பட்டது உண்மை. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மத்திய அரசு ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மாநிலங்களின் தலையில் கட்டியிருந்தது. செலவை மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கிட்டது நல்ல மாற்றம்தான். ஆனால் யாருக்கு என்ற கேள்விக்கு 2013-இன் பதிலையே வைத்துக்கொண்டார்கள்.

2013-14-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி நாளொன்றுக்கு 148 ரூபாய். 2025-26-இல் 336. ஏழைக்குக் கொடுக்கும் கூலியை அரசே இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தியிருக்கிறது, அது போதுமா என்பது வேறு விவகாரம். அதே அளவில் கல்வி உதவித்தொகையின் வரம்பையும் உயர்த்தியிருந்தால் இன்று ஐந்தரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். வருமான வரிப் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. 2013-14-இல் வரிவிலக்கு வரம்பு இரண்டு லட்சம். அதாவது, அப்போது உதவித்தொகை வரம்பு வரிவிலக்கைவிட அரை லட்சம் அதிகம். 2025 பட்ஜெட்டில் புதிய வரிமுறையின்கீழ் பன்னிரண்டு லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி இல்லை என்று ஆகிவிட்டது. நடுத்தர வர்க்கத்துக்காக அந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்குக் குரல் கொடுக்கத் தொலைக்காட்சிகள் உண்டு.

பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கு 2019-இல் 10 விழுக்காடு இடஒதுக்கீடு கொண்டுவந்தபோது, ‘பின்தங்கியவர்’ என்பதற்கு வைத்த வருமான எல்லை எட்டு லட்சம். பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்களைக் கழிக்கும் கிரீமி லேயருக்கும் 2017 முதல் எட்டு லட்சம். ஆனால் அதே பிற்படுத்தப்பட்ட மாணவர் உதவித்தொகை கேட்டு வந்தால் எல்லை இரண்டரை லட்சம். மாதம் 60,000 சம்பாதிக்கும் முற்பட்ட சாதிக் குடும்பம் இந்தியச் சட்டத்தின் பார்வையில் நலிந்த குடும்பம். மாதம் 21,000 சம்பாதிக்கும் பட்டியல் சாதிக் குடும்பம் உதவிக்குத் தகுதியில்லாத குடும்பம். இடஒதுக்கீடு வேறு, பண உதவி வேறு என்று அதிகாரிகள் விளக்கம் சொல்வார்கள். சரி, வேறுதான். ஆனால் இரண்டிலும் அளக்கப்படுவது ஒரு வீட்டின் வறுமை. அதை அளக்க அரசு இரண்டு படி வைத்திருப்பது நியாயமில்லை.

வரம்பின் அளவைவிட எனக்கு உறுத்துவது அதன் வடிவம். 2,49,000 ரூபாய் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணமும் பராமரிப்புப் படியும் முழுதாகக் கிடைக்கும். 2,51,000 உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு காசும் கிடைக்காது. இரண்டாயிரம் ரூபாய் அதிகம் சம்பாதித்த குற்றத்துக்குப் பல பத்தாயிரங்கள் போகின்றன. அம்மா தீபாவளிக்கு முன் ஓவர்டைம் பார்த்தது மகளின் கட்டணத்தில் போய் விடிகிறது. இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஐஐடிகளில் 2016-இல் கல்விக் கட்டணத்தை ஆண்டுக்கு இரண்டு லட்சமாக உயர்த்தியபோது, ஒரு லட்சத்துக்குக் கீழ் வருமானம் உள்ளவர்களுக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்று வைத்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமல் முழுத் தள்ளுபடி. ஒரு ரூபாய் கூடியதும் மொத்தமும் கைவிட்டுப் போகாமல் படிப்படியாகக் குறையும் ஏற்பாடு அது. நாட்டின் உச்சிக் கல்வி நிலையத்தில் சாத்தியமானது உசிலம்பட்டியில் ஏன் சாத்தியமில்லை?

வருமானச் சான்றிதழ் என்ற காகிதத்துக்கு வருவோம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் கையைக் கடந்து வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரும். விசாரணை எப்படி நடக்கிறது? சம்பளச் சீட்டு இருப்பவருக்கு அதிலுள்ள தொகை அப்படியே ஏறும். சீட்டு இல்லாதவருக்கு ஓர் உத்தேசத் தொகை. கூலிக்காரர், விவசாயி, பெட்டிக்கடைக்காரர் எல்லோரும் இந்த உத்தேசத்தில் அடங்குவார்கள். கூடவே வட்டிக்கு விடுபவரும், இரண்டு லாரி வைத்திருப்பவரும் அடங்கிவிடுவார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு 72,000 என்று இருந்த காலத்தில், ஊரில் பாதிப்பேரின் ஆண்டு வருமானம் சொல்லிவைத்தாற்போல 72,000-ஆகவே இருந்தது வருவாய்த் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. மாட்டிக்கொள்பவர்கள் கணக்கில் சம்பளம் வாங்கும் அடிமட்டத் தொழிலாளர்கள்தான். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர், மில் தொழிலாளி, தனியார் பள்ளி ஆயா, செக்யூரிட்டி. வைப்புநிதி பிடிக்கும் வேலை கிடைத்ததே பெரிய முன்னேற்றம் என்று நினைத்தவர்களுக்கு அந்தப் பிடித்தமே எதிர்ச்சாட்சியாகிறது. அந்தக் காகிதத்தில் வரவுக்கு இடமுண்டு. கடனுக்கும் டயாலிசிஸுக்கும் வாரந்தோறும் கட்ட வேண்டிய குழுக் கடனுக்கும் இடமே இல்லை.

வருமானத்தைத் தாண்டியும் கதவுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் முதல் பட்டதாரி சலுகை 2010-இல் வந்தது. சாதி, வருமானம் எதுவும் பார்க்காமல், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் தள்ளுபடி. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். அருமையான திட்டம். ஆனால் அக்கா பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் எந்தச் சலுகையும் வாங்காமல் பி.ஏ. முடித்து, ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்றால் தம்பிக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. வீட்டில் பட்டதாரி வந்துவிட்டார் அல்லவா! கலந்தாய்வில் இடம் கிடைக்காமல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடையாது. போஸ்ட் மெட்ரிக் திட்டமும் நிர்வாக ஒதுக்கீட்டு மாணவர்களை ஏற்பதில்லை. நிர்வாக ஒதுக்கீடு என்றால் பணக்காரர்கள் என்று சென்னையில் உட்கார்ந்து நினைப்பது எளிது. இடம் நிரம்பாத கல்லூரிகளின் ஆட்கள் கிராமம் கிராமமாகப் போய், ‘எல்லாம் ஸ்காலர்ஷிப்பில் வந்துவிடும்’ என்று சொல்லிப் பிள்ளை பிடிப்பதையும், அந்தப் பிள்ளைகள் எந்த ஒதுக்கீட்டில் சேர்கிறோம் என்பதே தெரியாமல் கையெழுத்துப் போடுவதையும் நேரில் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

படித்த பள்ளி இன்னொரு கதவு. 2020-இல் மருத்துவத்துக்கும் அடுத்த ஆண்டு பொறியியல் முதலான படிப்புகளுக்கும் வந்த, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணம், விடுதிச் செலவு எல்லாவற்றையும் மாநில அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய். இவற்றுக்கு வருமானச் சான்று தேவையில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாத உதவித்தொகை அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் நீட்டிக்கப்பட்டது, 7.5 விழுக்காட்டுக்கு அரசுப் பள்ளி மட்டுமே கணக்கு. அரசுப் பள்ளிகளுக்குத் தெம்பு கொடுத்த இந்தத் திட்டங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஊரில் இருக்கும் ஒரே பள்ளி பாதிரியார்கள் நடத்தும் உதவிபெறும் பள்ளியாக இருந்தால் அது அந்தப் பிள்ளையின் குற்றமா? ‘இங்கிலீஷ் மீடியம்’ ஆசையில் தாலியை அடகுவைத்து மூன்று வருடம் தனியார் பள்ளிக்கு அனுப்பி, கட்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குத் திரும்பியவர்கள் கொரோனா காலத்துக்குப் பிறகு எத்தனை பேர்! இவர்களில் இரண்டரை லட்சத்தையும் தாண்டிவிட்டவர்களால் பெரும்பாலான சாளரங்களில் நிற்க முடியாது.

‘உதவித்தொகை இல்லாவிட்டால் என்ன, கல்விக்கடன் வாங்கலாமே’ என்பார்கள். நான்கு லட்சம் வரை அடமானமோ பிணையாளோ கேட்கக் கூடாது, ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதியம் இருக்கிறது, நான்கரை லட்சத்துக்குள் வருமானம் என்றால் படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும். காகிதத்தில் எல்லாம் சுத்தம். கிளைக்குப் போனால் முதலில் கேட்பது அப்பாவின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண். மைக்ரோ ஃபைனான்ஸில் இரண்டு தவணை தவறியிருந்தால் முடிந்தது கதை. பெற்றோரின் சிபில் குறைவாக இருப்பதைக் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; அந்தத் தீர்ப்பை மேலாளரின் மேசையில் எடுத்துவைத்து வாதாட எந்தக் கூலித் தொழிலாளிக்குத் தெம்பு இருக்கிறது? 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் வட்டிச் சலுகைக்கு வருமான வரம்பு எட்டு லட்சம். பரவாயில்லையே என்று பார்த்தால், தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்பவர்களுக்குத்தான் அது. மாணவரின் வறுமையை அளந்தது போதாமல் கல்லூரியின் தகுதியையும் அளக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகள் பெருவாரியாகச் சேரும் ஊர்ப்புறக் கல்லூரிகளின் பெயர் தரவரிசைப் பட்டியலில் தேடினாலும் கிடைக்காது.

இத்தனையையும் தாண்டித் தகுதி பெற்றவர்களுக்கும் பணம் கட்ட வேண்டிய நாளில் வருவதில்லை. கட்டணம் ஜூனில், உதவித்தொகை எப்போதோ. அதுவும் இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. மாநிலத்தின் பங்கு போனபிறகுதான் மத்தியின் பங்கு. ஆதார் இணைப்பில் சிக்கல், இனிஷியல் முன்னால் பின்னால் இருப்பது, பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு என்று ஏதாவதொன்றில் மாட்டினால் அந்த ஆண்டு போச்சு. முன்பணம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துத் தினக்கூலித் தொழிலாளியின் மகன் கதையே போதும். 2024-இல் தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் இடம் கிடைத்தது. பட்டியல் சாதி மாணவர் என்பதால் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் இடத்தை உறுதிசெய்ய ஜூன் 24 மாலை ஐந்து மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஊரெல்லாம் புரட்டிக் கடைசி நிமிடங்களில் பணம் சேர்ந்தபோது இணையதளத்தில் நேரம் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு நுழைவுத்தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்து, பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். செப்டம்பர் 30 அன்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் கூற்றைப் பயன்படுத்தி அவருக்குக் கூடுதல் இடம் உருவாக்கித் தரச் சொன்னது. ஒரு பிள்ளை கல்லூரிக்குள் நுழைய 142-ஆம் கூறு தேவைப்பட்டது. தில்லி வரை போகாதவர்களின் கதை நமக்குத் தெரியவராது.

வரம்பை உயர்த்தினால் பணம் பலரிடம் சிதறி, பரம ஏழைக்குப் போவது குறையும் என்றொரு வாதம் உண்டு. நேர்மையான வாதம்தான். அதற்குப் பதில் ஐஐடிகளில் இருப்பதுபோன்ற படிமுறை: இரண்டரை லட்சம் வரை இப்போதுபோல முழு உதவி, அதிலிருந்து எட்டு லட்சம் வரை குறைந்துகொண்டே போகும் உதவி. இன்னொரு வாதம், வரம்பைத் தளர்த்தினால் மோசடி பெருகும் என்பது. மோசடி செய்தவர்கள் யார் என்று பார்த்தால், 2023-இல் சிறுபான்மையினர் நல அமைச்சகம் தன் உதவித்தொகைத் திட்டங்களில் 1,572 நிறுவனங்களை ஆய்வுசெய்ததில் 830 போலி அல்லது செயல்படாதவை என்று தெரியவந்து, சிபிஐ வரை போனது. நிறுவனங்கள் திருடியதற்குத் தண்டனையாக மாணவர்கள் ஆண்டுக்கொரு சான்றிதழுக்கு அலைகிறார்கள்.

மாநில அரசு மத்திய அரசைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கவும் முடியாது. 2007-இல் அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைக் கல்விக் கட்டணத்தையே நீக்கிய மாநிலம் இது; யாருடைய வருமானத்தையும் கேட்கவில்லை. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் 2021-22 கணக்கெடுப்பின்படி நாட்டின் சராசரி 28.4, தமிழ்நாடு 47. கேட்காமல் கொடுத்ததால் கிடைத்த விளைச்சல் அது. தன் சொந்த நிதியில் கொடுக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகையில் மட்டும் மத்திய அரசின் இரண்டரை லட்சத்தையே ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? குடும்ப அட்டை, சொத்து வரி, பத்திரப் பதிவு, வாகனப் பதிவு எல்லாத் தரவும் அரசிடமே இருக்கின்றன. வறுமையை நிரூபிக்கும் வேலையை மாணவரிடமிருந்து எடுத்து, வசதியை நிரூபிக்கும் வேலையை அரசு தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். மத்தியத் திட்டத்துக்கு 2020-இல் கொடுத்த ஒப்புதல் 2025-26 வரைக்குமானது. அடுத்த சுற்றுக்கான வழிகாட்டுதலில் எட்டு லட்சமும் படிமுறையும் இடம்பெற வேண்டும் என்று தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. போர்ட்டலில் வரும் ஒற்றைவரிப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முன்கட்டணம் கட்டாமல் கல்லூரியில் சேர்வதற்காகவே போஸ்ட் மெட்ரிக் விதிகளில் ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள். கட்டண பாக்கிக்காக மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-இலேயே அறிவித்திருக்கிறது. பிடித்துவைத்தால் மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.